போர்வைக்குள் அக்கிலீஸ்

எங்கள் குயவர்பேட்டையில் செய்கிற மதுச்சாடிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. முன்பக்கத்தில் தெய்வமோ வீரனோ யாரையாவது குத்திக்கொண்டிருப்பான். பின்பக்கத்தில் மூன்று ஆட்கள் போர்வை போர்த்திக்கொண்டு சும்மா நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று ஏதென்ஸில் யாரும் கேட்டதில்லை. சாடியை மொட்டையாக விட முடியாது, அதனால் நிற்கிறார்கள். எவார்கோஸின் பட்டறையில் அந்த மூன்று பேரைத் தலை நரைக்கிற வரைக்கும் வரைந்துகொண்டிருந்தவன் தெல்லிஸ்.

அவனை யாரும் ஓவியன் என்று சொன்னதில்லை. "பின்பக்கத்தான்" என்பார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

விருந்துக்கூடத்தில் சாடியை நடுவில் வைப்பார்கள். வீட்டுக்காரனும் அவன் பக்கத்து மஞ்சங்களில் சாய்ந்திருக்கும் பெரிய மனிதர்களும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். வாசலோரத்து மஞ்சத்தில் இருக்கிற தூரத்துச் சொந்தக்காரன், அழைக்காமலே ஒட்டிக்கொண்டு வந்தவன், ஓரமாக நின்று குழல் ஊதுகிற பெண், இவர்கள் பார்ப்பது பின்பக்கம். தெல்லிஸின் ரசிகர்கள் அவ்வளவுதான். அவர்களிலும் குழல்காரி ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் போதை. போதை ஏறாத ஒரு மனிதர், வெளிச்சத்தில் நின்று, தன் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. அதை அவன் வெளியே சொன்னதில்லை. பின்பக்கத்தானுக்கு ஆசை என்று தெரிந்தால் பேட்டை சும்மா விடுமா?

பின்பக்கத்திலேயே அவன் கிடந்ததற்குக் காரணமும் இருந்தது. அவனுக்குக் கை வரைய வராது. தோள் வரும், முழங்கை வரும், மணிக்கட்டு வரைக்கும் தெய்வமே இறங்கி வந்தது போல வரும். அதற்கப்புறம் ஒரு முள்ளங்கிக் கட்டு. சின்ன வயதில் ஒரு கோப்பையில் அத்தீனா தேவியின் கையை வரைந்து, எண்ணிப் பார்த்தபோது ஆறு விரல் இருந்தது. வாங்கிக்கொண்டு போனவனின் மனைவி கர்ப்பிணி. பிள்ளை பிறந்து விரல்களை எண்ணி முடிக்கிற வரைக்கும் எவார்கோஸுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு அவனைப் பின்பக்கத்துக்குத் தள்ளினார். போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, கையை உள்ளே தள்ளி மூடிவிட்டால் விரல் பிரச்சினை இல்லை.

ஆனால் அந்தப் போர்வையை அவன் வரைந்த விதம் வேறு. மற்ற பட்டறைகளில் போர்வை என்றால் மேலிருந்து கீழே நாலு கோடு. தெல்லிஸின் போர்வைக்குள் ஆள் இருந்தான். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நிற்பவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். தோள் கொஞ்சம் உள்வாங்கினவன் மற்ற இருவரும் எப்போது கிளம்புவார்கள் என்று காத்திருந்தான். துணிக்குள்ளேயே பின்புறத்தைச் சொறிகிறவனும் உண்டு. ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள், சூளையிலிருந்து இறக்கி வைத்த சாடிகளைப் பார்த்து, "ஏ, இது உன் வீட்டுக்காரன்தானடி, வேலைன்னா இப்படித்தான் நிப்பான்" என்று அடையாளம் சொல்லிச் சிரிப்பார்கள்.

முன்பக்கத்துக்கு உரியவன் காரோபோஸ். சதை வரைவதில் சூரன். அவன் வரைந்த வீரர்களுக்கு, இருக்கக்கூடாத இடத்திலெல்லாம் சதை திரண்டிருக்கும். விரல்களோ ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும். தன் பெயரையும் பெரிதாக எழுதுவான், சில சமயம் வீரனின் பெயரைவிடப் பெரிதாக.

அந்த வருடப் புதுமதுத் திருவிழாவில்தான் விதி மாறியது. ஆட்டுத்தோலில் காற்றடைத்து, மேலே எண்ணெய் தடவி, அதன்மேல் ஒற்றைக்காலில் நிற்கிற போட்டி. கடைசிவரை நிற்பவனுக்குத் தோல் நிறைய மது. காரோபோஸ் ஏறினான், நின்றான். கூட்டம் கத்தியது. பெண்கள் நிற்கிற பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான். அடுத்த நொடி மண்ணில் கிடந்தான்.

"முதலாளி, கை போச்சு" என்றான் எவார்கோஸைப் பார்த்து.

"எந்தக் கை?"

"வலது கை. மணிக்கட்டு."

"ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நின்னியே, அந்தக் காலை உடைச்சுக்கக் கூடாதாடா பாவி?"

எவார்கோஸின் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் லிசானியாஸ். ஊருக்கு வெளியே ஒலிவத்தோப்பு வைத்திருக்கிற பெரும்புள்ளி. திருவிழாவுக்கு முன்னால் வந்து ஒரு மதுச்சாடிக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாரசீகர்களோடு நடந்த மாரத்தான் சண்டைக்குப் போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிக் குடிப்பார்கள். இந்த முறை அவர் வீடு.

"பொம்பளைப் படை வச்சிருந்தாளே அமேசான் ராணி, அவளை அக்கிலீஸ் குத்தணும்" என்று சொல்லியிருந்தார். "ஈட்டி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரணும். ரத்தம் கொட்டணும். அக்கிலீஸ் முகத்துல லேசா நம்ம சாயல் இருந்தா நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

எவார்கோஸ் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். நிமிர்ந்தால் சிரிப்பு வந்துவிடும். மாரத்தானுக்கு லிசானியாஸ் போனது உண்மை. புதுக் கவசம், புதுக் கேடயம், எல்லோரையும்விட நீளமான ஈட்டி. சண்டை நடந்த காலையில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடாரத்தில் கிடந்தார். மற்றவர்கள் ரத்தமும் புழுதியுமாகத் திரும்பி வந்தபோது கம்பளியை விலக்கி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்திலும் அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவார். வருடத்துக்கு வருடம் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. முதுகுக்குப் பின்னால் ஊர் அவருக்கு வைத்த பெயர் கம்பளி வீரர்.

இப்போது சாடி தயாராக நின்றது. ஈரம் இறுகி, கோடு கீறுகிற பக்குவத்தில். முன்பக்கம் வரைய ஆள் இல்லை.

எவார்கோஸ் பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை வேறு வழியில்லாமல் மூலையில் போய் நின்றது.

"டேய் தெல்லிஸ். இந்த முன்பக்கம் உனக்கு."

"எனக்கா?"

"உன் பின்னாடி வேற யாராவது நிக்கிறானா?"

"முதலாளி, அக்கிலீஸ்னா கை இருக்குமே."

"கையில்லாமலா குத்துவான்?"

"அமேசானுக்கும் இருக்கும்."

"மொத்தம் நாலு கைடா. நாலே நாலு. ஊர்ல ஒவ்வொருத்தனும் ரெண்டு கையோட அலையுறான், போய்ப் பாரு. ஒழுங்கா வந்துச்சுன்னா இனி முன்பக்கம் உன்னது. பேரையும் எழுதிக்கோ. கெடுத்தேன்னா நேரா மண் மிதிக்கிற குழி. பின்பக்கம்கூடக் கிடையாது."

காரோபோஸ் கட்டுப்போட்ட கையோடு ஒரு மணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். "விரல் அஞ்சு, தெல்லிஸ். மறந்துடாதே. தேவைப்பட்டா என் இடது கையைப் பார்த்து எண்ணிக்கோ."

தெல்லிஸ் ஈரமண்ணில் குச்சியால் கீறினான். அக்கிலீஸ் வந்தான். மார்பு வந்தது, தொடை வந்தது. ஈட்டியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் முள்ளங்கிக் கட்டு வந்தது. ஈரத்துணியால் துடைத்தான். மறுபடி கீறினான். இந்த முறை அது நண்டு. துடைத்தான். அமேசான் ராணியின் கை, கெஞ்சுகிற கையாக இருக்க வேண்டும். அது ரொட்டிக்கு மாவு பிசைகிற கையாக வந்தது. துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் மண் மெலிந்து பள்ளம் விழ ஆரம்பித்தது. சாடியை ஈரச்சாக்கால் மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் மனிதர்களின் கைகளையே பார்த்தான். மீன்காரி ஒருத்தி, "என்னய்யா முறைக்கிறே, பார்த்தா வயிறு நிறையுமா?" என்று கேட்டாள்.

அவன் மனைவி மிர்த்தாலே, நகரவாசலில் பருப்புக்கஞ்சி விற்கிறவள். எரிச்சலோடு உட்கார்ந்தவன் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். ஒரு வாய் குடித்தான்.

"எப்படி இருக்கு?"

அவன் மனம் இன்னும் சாடியின்மேல் இருந்தது. "பூசுற மண்குழம்பு மாதிரி இருக்கு" என்றான்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பேட்டையில் பாதிப் பேர் அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் வேலைக்குப் போகிறார்கள். அதைப் போய் மண்குழம்பு என்றால்?

மிர்த்தாலே கத்தவில்லை. கத்துகிற கோபம் உப்பு விலை ஏறினால் அவளுக்கு வருகிற கோபம். இது வேறு. சுவரோரம் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். போர்வையைத் தலைக்குமேல் இழுத்தாள். நெற்றியையும் ஒரு கண்ணையும் தவிர எல்லாம் உள்ளே போயிற்று. உள்ளே ஒரு முழங்கை முட்டியின்மேல் ஊன்றியது. ஒரு கை தாடையைத் தாங்கியது. கை தெரியவில்லை, துணி ஒரு மேடாக எழுந்து அங்கேயிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கி, தரையில் கணுக்காலைத் தொட்டு நின்றது. தோள் அவனுக்கு எதிர்ப்பக்கமாக, மயிரிழை அளவுக்குத் திரும்பியிருந்தது. அந்த மயிரிழையில் இருந்தது முழுக் கோபமும்.

"மிர்த்தாலே."

துணி அசையவில்லை.

"தெரியாம சொல்லிட்டேன் புள்ள."

ஒரு மடிப்பு இறுகியது. வேறெதுவும் இல்லை.

தெல்லிஸ் மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு முதுகில் சிலிர்த்தது. ராஜா தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டான் என்று கோபித்துக்கொண்டு, சண்டைக்கு வரமாட்டேன் என்று கூடாரத்திலேயே உட்கார்ந்துவிட்ட அக்கிலீஸ், படை மொத்தமும் வந்து கெஞ்சியும் அசையாத அக்கிலீஸ், அவன் வீட்டில், சுவரோரம், முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏய்யா, எங்க போறே?" என்றது துணி, கோபத்தை மறந்து. அவன் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

அன்று அவன் கோடு ஒருமுறைகூட நிற்கவில்லை. உட்கார்ந்த உருவம், முக்காடு, ஒரு கண், மேடு, மடிப்பு. ஈட்டியைக் கூடாரக் கம்பத்தில் சாத்தினான், ஈட்டிக்குக் கை தேவையில்லை. கேடயத்தை ஆணியில் மாட்டினான். எதிரே கெஞ்சுவதற்கு ஒரு கிழவரை நிறுத்தி, அவருக்கும் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டான். சுற்றிலும் கறுப்பு வரவேண்டிய இடத்தில் மண்குழம்பைப் பூசினான். சூளையில் வேகிற வரைக்கும் பூசியதும் பூசாததும் ஏறக்குறைய ஒரே நிறம்தான். நம் தொழிலில் ஓவியன் பாதிக் குருடன்.

சூளையை அடுக்கி முடித்து, வாயை மண் பூசி அடைக்கிற அவசரத்தில் எவார்கோஸ் குனிந்து பார்த்தார். உள்ளே வைக்க இந்த ஒரு சாடிதான் பாக்கி.

"அமேசான் எங்கடா?"

"இன்னும் வரலை, முதலாளி."

"என்னது?"

"வர்றதுக்கு முன்னாடி நடக்கிறது இது."

சூளைக்காரன் மானெஸ் பின்னாலிருந்து கத்தினான். "உள்ள வைக்கிறீங்களா, இல்லை நான் விறகைப் போட்டுட்டுத் தூங்கப் போகட்டுமா?" எவார்கோஸ் சூளை வாசலில் கண்ணேறுக்குத் தொங்குகிற கோர முகத்தை ஒருமுறை கும்பிட்டுவிட்டுச் சாடியை உள்ளே தள்ளினார்.

சூளை ஆறிப் பிரித்தபோது கறுப்பு கண்ணாடி போல மின்னியது. அதன் நடுவில், செம்மண் நிறத்தில், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தான் அக்கிலீஸ். பட்டறை மொத்தமும் சுற்றி நின்று பார்த்தது. தெல்லிஸுக்குக் கண் கலங்கியது. ஒரு போதையும் இல்லாத மனிதர்கள், பட்டப்பகலில், அவன் படத்தைப் பார்க்கிறார்கள்.

பிறகு மானெஸ் மெதுவாகச் சொன்னான். "இது லிசானியாஸ்தானே?"

காரோபோஸ் முதலில் சிரித்தான். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகி முனகிச் சிரித்தான். "கம்பளி! கூடாரம்! ஈட்டி கம்பத்துல! அடப்பாவி, மாரத்தான்ல கூட இருந்தவன் மாதிரியில்ல வரைஞ்சிருக்கே!"

தெல்லிஸ் நினைத்தது மிர்த்தாலேயை மட்டும். அந்த மடிப்புகளைத் தவிர உலகத்தில் எதுவும் அவன் ஞாபகத்தில் இல்லை.

எவார்கோஸ் மண்தரையில் உட்கார்ந்துவிட்டார். "விருந்து நாளைக்கு. வேற சாடிக்கு நேரமில்லை. நீயே எடுத்துட்டுப் போ. உதை வாங்குற வயசு எனக்குத் தாண்டிடுச்சு. உயிரோட திரும்பினா குழியில இறங்கி மண்ணை மிதிக்க ஆரம்பி."

தெல்லிஸும் மானெஸும் சாடியைக் கம்பில் கட்டித் தூக்கிப் போனார்கள். லிசானியாஸின் விருந்துக்கூடத்தில் மஞ்சங்களுக்கு நடுவே இறக்கியதும் மானெஸ், கழுதைக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று போய்விட்டான். அவர்கள் கழுதை எதுவும் கொண்டுவரவில்லை.

லிசானியாஸின் வயிறு முதலில் உள்ளே வந்தது, பிறகு அவர். சாடியைப் பார்த்தார்.

"இது யாரு?"

"அக்கிலீஸ், ஐயா."

"ஈட்டி?"

"கம்பத்துல சாத்தியிருக்கு."

"அமேசான்?"

"இன்னும் வரலை, ஐயா."

லிசானியாஸ் சாடியை ஒருமுறை சுற்றினார். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். காது சிவந்திருந்தது. "யார் சொல்லி வரைஞ்சே? எவார்கோஸா? இல்லை நாளைக்கு வர்றவங்களா? எல்லாரும் சேர்ந்து சிரிக்கத் திட்டமா?"

"அம்மா அத்தீனா சத்தியமா, இது நீங்க இல்லை ஐயா. எம் பொண்டாட்டி."

"என்னது?"

"கஞ்சி நல்லா இல்லைன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டு இப்படி உட்கார்ந்துட்டா." இனி எதை மறைத்து என்ன. "எனக்குக் கை வரைய வராதுங்க. அமேசானைக் குத்தணும்னா நாலு கை வேணும். இதுல ஒண்ணுகூட வேண்டாம்."

லிசானியாஸ் அவனை உற்றுப் பார்த்தார். இப்படி ஒரு பொய்யை யாரும் யோசித்துச் சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது. ஒரு மஞ்சத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். மறுபடி சாடியைப் பார்த்தார். இந்த முறை நெடுநேரம்.

"இவனுக்குக் கோபமா, காய்ச்சலா?"

"கோபங்க."

"எப்படித் தெரியும்?"

தெல்லிஸ் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. "தெரியாதுங்க. போர்வைக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

லிசானியாஸின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் திறந்தது.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்னு யாரு சொன்னது?"

"நீங்கதாங்க. வருஷா வருஷம்."

"அது ஒரு பெருந்தன்மைக்குச் சொன்னது" என்றார் லிசானியாஸ். "நீ போ. எவார்கோஸ்கிட்ட சாடி நல்லா வந்திருக்குன்னு சொல்லு."

விருந்தில் நடந்ததைக் குழல் ஊதின பெண் மறுநாள் ஊற்றடியில் சொன்னாள். எல்லோரும் வந்து சாய்ந்து, சாடியைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கும்போது லிசானியாஸ் எழுந்து நின்றாராம். இத்தனை வருடம் மனதில் பூட்டி வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்கிறேன் என்றாராம். தளபதிகள் நம் பிரிவை நிறுத்திய இடம் தப்பு, முதல்நாளே சொன்னேன், கேட்கவில்லை, அந்த அவமானம் தாங்காமல் முகத்தை மூடினேன், காய்ச்சல் என்று சொன்னது படையின் மானத்தைக் காப்பாற்ற.

"எந்தத் தளபதி?" என்று ஒருவன் கத்தினான்.

"பேர் சொல்ல மாட்டேன். அவங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

ஒரு கிழவர் அழுதார். மது தீர்ந்து, மூன்றாம் முறை சாடியில் புது மதுவோடு தண்ணீர் கலக்குகிறபோது, எல்லோரும் நம்பிவிட்டார்கள், லிசானியாஸ் உட்பட.

அதற்குப் பிறகு ஏதென்ஸில் எத்தனை பேர் அன்றைக்குக் கோபமாக இருந்தார்கள் என்று தெரிந்து ஊரே அதிர்ந்தது. குதிரை நொண்டியதால் போகாதவன், மாமனார் சாகக் கிடந்ததால் போகாதவன், முதுகுப் பிடிப்புக்காரன், எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எவார்கோஸின் பட்டறைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த அக்கிலீஸ் மாதிரி ஒண்ணு" என்றார்கள். தெல்லிஸ் முன்பக்கத்தில் உட்கார்ந்தான். கழுத்து வலிக்கிற வரை வரைந்தான். பெயரையும் எழுதினான், ஓரத்தில், சின்னதாக. கட்டு அவிழ்த்துத் திரும்பி வந்த காரோபோஸுக்கு எவார்கோஸ் பின்பக்கத்தைக் காட்டினார். அவன் வரைந்த மூன்று பேரும் துணிக்குள்ளே மல்யுத்தத்துக்குத் தயாராவது போல இருந்தார்கள்.

ஒருநாள் மிர்த்தாலே கஞ்சிப்பானையோடு பட்டறைக்கு வந்தாள். வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த சாடிகளின் முன் நின்றாள்.

"யாரு இது?"

"அக்கிலீஸ்."

"அக்கிலீஸுக்கு எதுக்கு என் முழங்கை?"

தெல்லிஸ் தூரிகையைக் கழுவுவதில் மும்முரமானான்.

"ஊர்ல ஆம்பளைங்க குடிக்கிற ஒவ்வொரு வீட்டுலயும் நான்தான் நடுவுல உட்கார்ந்திருக்கேனா?"

"முக்காடு போட்டுக்கிட்டுத்தான் புள்ள."

அவள் ஒவ்வொரு சாடியாகக் குனிந்து பார்த்தாள். "நெற்றி எனக்கு இவ்வளவு அகலம் இல்லை" என்றாள் கடைசியில், எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவனுக்கு மட்டும் ஊற்றவில்லை. அதற்குப் பிறகு கோபம் வந்தால் அவள் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே கோபித்தாள்.

வெயில்காலம் வந்தது. ஏகினாத் தீவுக்காரர்களோடு சண்டை மூண்டது. கப்பல்களுக்கு ஆள் எடுத்தார்கள். படைப்பிரிவின் தலைவன் ஒரு நல்ல ஆட்டுக்கிடாவையும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நேராக லிசானியாஸின் வீட்டுக்குப் போனான். விருந்துக்கூடத்தில், அந்தச் சாடிக்கு எதிரிலேயே நின்று கும்பிட்டான்.

"அன்னிக்கு உங்க பேச்சைக் கேக்காதது எங்க தப்புதான். கோபத்தை விட்டுட்டு வாங்க. இந்த முறை எந்தக் கப்பல்ல ஏறணும்னு நீங்களே சொல்லுங்க."

லிசானியாஸ் இருமிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பெரியவர்கள் சாடியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், அவர் காலைத் தொடக் குனிந்தார்கள். ஊரே தெருவில் நின்று வாழ்த்த, கவசம் இடுப்பில் பொருந்தாமல், அவர் துறைமுகத்துக்கு ஊர்வலமாகப் போனார்.

தலைவன் அடுத்த வீட்டுக்குப் போனான். அதற்கடுத்த வீட்டுக்கும். எந்த வீட்டில் அந்தச் சாடி இருக்கிறது என்று ஊற்றடியில் விசாரித்தாலே போதுமாக இருந்தது.

மறுநாள் பட்டறை வாசலில் சாடிகளோடு ஒரு கூட்டம். வாங்கினவர்கள் திருப்பித் தர வந்திருந்தார்கள், சொல்லி வைத்தவர்கள் வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தார்கள்.

"எனக்குக் கோபமே கிடையாது எவார்கோஸ். என்னை மாதிரி சாந்தமான ஆளை நீ பார்த்திருக்கியா?"

"இதைச் சூளையில திருப்பிப் போட்டு அழிக்க முடியாதா?"

"உன் ஓவியன் என்னைக் கொல்லப் பார்க்கிறான்யா!"

எவார்கோஸ் உள்ளே வந்தார். தெல்லிஸின் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கினார். "எழுந்திரு. எல்லாம் போச்சு. காரோபோஸ், இங்க வந்து உட்காரு. நாளையிலிருந்து குத்து, வெட்டு, ரத்தம்." மூலையைக் காட்டினார். "நீ குழிக்குப் போ."

காரோபோஸ் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு எழுந்தான்.

தெல்லிஸ் எழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எவார்கோஸ் சொல்லி அவன் எழவில்லை. வாசலில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தை எட்டிப் பார்த்தான். எல்லோருக்கும் தோள் ஒரே மாதிரி உள்வாங்கியிருந்தது. அது கோபம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. இருபது சாடி வரைந்திருக்கிறான், இதுகூடத் தெரியாதா?

"முதலாளி, இவங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"வீட்டுல இருக்கணும். வேறென்ன?"

"பழைய சாடியையெல்லாம் கடல்தாண்டி மேற்கே அனுப்பிடுங்க. அந்த ஊர்க்காரனுக்கு நம்ம கோபமும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. கறுப்பு மின்னுச்சுன்னா வாங்குவான்." தூரிகையை மெதுவாகத் திருப்பி வாங்கினான். "புதுசுக்கு ஒண்ணும் மாத்த வேண்டாம். அதே ஆளு, அதே போர்வை. முக்காலி பக்கத்துல ஒரு கிண்ணம் வைக்கிறேன். கஞ்சிக் கிண்ணம். கஞ்சி குடிக்கிறவன் கோபக்காரனா, காய்ச்சல்காரனா?"

வாசலில் ஒரு குரல் கிசுகிசுப்பாக, "அது எப்ப கிடைக்கும்?" என்று கேட்டது. உடனே பின்னாலிருந்து இன்னொரு குரல், "முதல்ல கேட்டது நான்" என்றது.

காரோபோஸ் கொஞ்ச நேரம் நடுவில் நின்றான். பிறகு போய்ப் பின்பக்கத்தில் உட்கார்ந்தான்.

அன்றே துறைமுகத்திலிருந்தும் ஒரு ஆள் ஓடி வந்தான். கப்பல் காற்றுக்காகக் காத்திருப்பதாகவும், லிசானியாஸுக்கு ஒன்று மிக அவசரமாக வேண்டும் என்றும் சொன்னான். கிண்ணம் பெரிதாக இருக்கட்டும், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியவேண்டும், ஆவி பறந்தால் இன்னும் நல்லது என்று ஐயா சொல்லியனுப்பினார் என்றான்.

தெல்லிஸ் ஈரச்சாக்கை விலக்கினான். கிண்ணம் அவனுக்கு நன்றாக வரும்.